இடப்பக்கத்து முட்டை

சோணையம்மாள் நேர்ந்துகொள்ளாத சாமி மதுரை ஜில்லாவில் பாக்கியில்லை. கீழக்குயில்குடி மலையின் கல்படுக்கையில் சமண முனிவர் யாராவது மிச்சமிருந்திருந்தால், அவரையும் உலுக்கி எழுப்பி, "எம் மகன் சிவபாண்டிக்கு ஒரு பிள்ளையக் குடும்" என்று கேட்டிருப்பாள். கல்யாணமாகி ஏழு வருஷம். மருமகள் தமிழ்வாணிக்குத் தை மாதம்வரை கெடு. அதற்குள் வயிற்றில் தங்காவிட்டால், டி. கல்லுப்பட்டியில் வேறு பெண் தயார். இதெல்லாம் தொண்ணூற்றெட்டில்.

தமிழ்வாணி பஸ் ஏறிப்போய் மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டிக்கொண்டிருந்தாள். மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்ததில், கருக்குழாய் இரண்டில் வலப்பக்கம் அடைப்பு என்று தெரிந்தது. முட்டை இடப்பக்கம் வளர்ந்தால்தான் வழி. மாதாமாதம் மாத்திரை, அப்புறம் ஸ்கேன். ஸ்கேனுக்கு வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வேண்டும். இவள் குடித்த தண்ணீருக்கு வைகையில் வெள்ளமே விட்டிருக்கலாம். நாலு மாதம், நாலு முட்டை. நாலும் வலப்பக்கம்.

ஐந்தாவது மாதம், கார்த்திகையில், டாக்டரம்மா ஸ்கேன் திரையை விரலால் தட்டினார்.

"தமிழ்வாணி, இடப்பக்கம்! நல்ல சைஸ். ஊசி போடறேன். நாளைக்கும் நாளான்னைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கணும். விட்டுடாதீங்க."

தமிழ்வாணி எழுந்து உட்கார்ந்தாள். "அவுக சபரிமலைக்கு மாலை போட்டிருக்காக டாக்டரம்மா. நாப்பத்தெட்டு நாள் விரதம். தள்ளித்தான் படுக்கணும்."

"எதுக்கும்மா இந்த நேரத்துல?"

"பிள்ளை வேணும்னு அத்தை நேந்துக்கிட்டாக."

டாக்டரம்மா ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே சொன்னார். "மாலையக் கழட்டச் சொல்லு. இந்தப் பக்கம் மறுபடி எப்ப வரும்னு எனக்கே தெரியாது."

சிவபாண்டி ஊர்ப் பஜனை மடத்தில் கறுப்பு வேட்டியோடு ஒன்பது சாமிமார்களுடன் தங்கியிருந்தான். மாலை போட்டவனைப் பெற்றவளும் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். கட்டினவளுக்கும் அதே சட்டம். அவளை அவன் 'மாளிகைப்புறம்' என்பான்.

"சாமி, ஒரு வார்த்தை" என்றாள் தமிழ்வாணி, வாசலில் நின்று.

"சொல்லுங்க மாளிகைப்புறம்."

பத்தடி தள்ளி நின்றே சொன்னாள். உள்ளே சரணம் பாடிக்கொண்டிருந்த ஒன்பது தொண்டையும் சட்டென்று அடங்கி, பதினெட்டுக் காதும் முறம் முறமாக விரிந்தன.

"ரெண்டே நாளு சாமி. கழட்டி வச்சுட்டு வாங்க. அடுத்த வருசம் போட்டுக்கிரலாம்."

அவன் கை மாலைக்குப் போனது. அவனுக்கும் ஆசைதான். அதற்குள் தகவல் எட்டி, மலையே பெயர்ந்து வந்ததுபோல் சோணையம்மாள் வந்து நின்றாள்.

"ஏண்டி, சாமி குத்தமாகி எம் பேரன் கூனும் குருடுமாப் பொறக்கவா?"

"பொறந்தாத்தான அத்தை, கூனா குருடான்னு பாக்க முடியும்?"

"வாயப் பாரு, எம்புட்டு நீளம்! சாமி, நீங்க உள்ள போங்க."

சாமி உள்ளே போனார்.

மூன்றாம் நாள் ஸ்கேனில், "முட்டை அழகா வெடிச்சிருக்குக்கா, கவலையே இல்ல" என்று விவரம் தெரியாத நர்ஸ் கையைப் பிடித்துக் குலுக்கினாள். தமிழ்வாணி சிரித்து வைத்தாள். அந்த முட்டைக்கு ஒருநாள் ஆயுசு; அதுவும் முடிந்திருந்தது.

மார்கழியில் மறுபடி வலப்பக்கம். தை மூன்றாம் தேதி கல்லுப்பட்டிக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

"பாக்காத வைத்தியமில்ல. ஒண்ணும் பலிக்கல" என்றாள் சோணையம்மாள். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். பெண்ணின் தகப்பன் நல்லகாமன், முறைக்காகத் தமிழ்வாணியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஒனக்குச் சம்மதந்தான ஆத்தா? நீ சரின்னாத்தான் நாங்க இந்த வீட்டுல கை நனைப்போம்."

தமிழ்வாணி புருஷனைப் பார்த்தாள். அவன் வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"சம்மதந்தாங்கய்யா. ஒங்க மககிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிவிடுங்க. கார்த்திகை மாசம் ஆஸ்பத்திரிக்குப் போக வேணாம்னு."

மழைக்காலமாச்சே, அக்கறையாகச் சொல்கிறது பிள்ளை என்று நல்லகாமனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. கை கழுவி இலைக்கு வந்தார்.

இரண்டு பந்தி நடந்தது. தமிழ்வாணிதான் பரிமாறினாள்.