சனிக்கிழமைச் சோறு

1986ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்திலிருந்து, சுவிஸில் லோசானுக்குப் பக்கத்தில் ரெனானில் யாழ்ப்பாணத்து ஆண்கள் ஆறு பேர் சேர்ந்திருந்த வீட்டில் சனிக்கிழமைகளில் அரிசி வேகவில்லை. தண்ணீர் கொதிக்கும், மூடி துள்ளும். இரண்டு மணித்தியாலம் கழித்துத் திறந்தால் அரிசி போட்டபடியே கிடக்கும். மற்ற நாட்களில் ஒரு குறையுமில்லை. பானையை மாற்றினார்கள், அரிசியை மாற்றினார்கள், அடுப்பைக்கூட மாற்றிப் பார்த்தார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை சமைப்பது யோகராஜாவின் முறை. அவன் லோசானில் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தான். அங்கே மார்செல் என்ற இளைஞன் எய்ட்ஸ் வந்து படுத்திருந்தான். தாதிமார் சாப்பாட்டுத் தட்டைக் கதவடியில் வைத்துவிட்டு ஓடினார்கள். பெற்ற தாய்கூடக் கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைத்துவிட்டுப் போனாள். யோகராஜாவுக்கும் பயம்தான், இல்லையென்றால் பொய். ஆனால் மூன்றாம் நாளும் தட்டு ஆறிக் கிடக்கக் கண்டு, எடுத்துக்கொண்டு உள்ளே போய் ஊட்டிவிட்டான். அதை வீட்டிலும் வந்து சொன்னான். விசரன், சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"அந்த அறைக்குப் போறதெண்டால் இனி எங்கடை பானையிலை கைவையாதை," என்றார் மூத்தவர் இராஜசிங்கம். "எங்களுக்கும் ஊரிலை பிள்ளைகுட்டி இருக்குத் தம்பி."

"நான் போகாட்டி அவனுக்கு ஆர் அண்ணை?"

அவனுடைய சாப்பாட்டுக் கோப்பையைப் புறம்பாக வைத்தார்கள். அவன் முறையை மற்ற ஐவரில் ஒருவனான சிறிலுக்குக் கொடுத்தார்கள். அந்தச் சனிக்கிழமைதான் அரிசி முதல்முதல் வேக மறுத்தது. யோகராஜா எழும்பி வந்து மூடியைத் தொட்டான். பத்து நிமிடத்தில் சோறு பொலபொலவென்று வெந்துவிட்டது. ஐந்து பேரும் அந்தச் சோற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனார்கள்.

அன்றும் பிறகு வந்த சனிக்கிழமைகளிலும், அவன் தொட்டு வெந்த சோற்றைக் கறியோடு மார்செலுக்குக் கட்டிக்கொண்டு போனான். மார்செல் உறைப்பில் கண்கலங்கிக் கையாலேயே சாப்பிட்டான். மாசியில் செத்தான். அதற்குப் பிறகு அந்தச் சோற்றைச் சாப்பிட யோகராஜாவைத் தவிர ஒருவருமில்லை.

ஒருநாள் தபாலில் துண்டுப்பிரசுரம் ஒன்று வந்தது. ஒரே பானையில் சாப்பிட்டால் இந்த நோய் தொற்றாது என்று அதில் இருந்ததைச் சிறில் இரண்டுதரம் உரக்க வாசித்தான்.

"அப்ப சாப்பிடலாம்தானே?"

"ஓம், நீ முதல் சாப்பிடு," என்றார் இராஜசிங்கம்.

சிறில் தாளை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தான்.

யோகராஜா சனிக்கிழமைகளில் இன்னமும் ஆறு பேருக்கு அளந்துதான் அரிசி போட்டான், ஆறு கோப்பை வைத்தான். மணம் எல்லா அறைக்கும் போனது, ஆட்கள் வரவில்லை. 1989இல் அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களிடம், குப்பை வைக்கிற நாள், உடுப்புத் தோய்க்கிற நாள் எல்லாம் சொன்ன இராஜசிங்கம், சனிக்கிழமையில் பாண் என்றும் சொன்னார். அவர்களும் ஏனென்று கேட்கவில்லை.