எதிர்த்து ஆடியவர்

பூட்டக்காவின் முழங்கையில் கத்தி வைத்த பதினோராம் நாள், காலை எட்டு மணிக்கு, சாத்தியிருந்த ஜன்னல் வழியாக ஒரு டென்னிஸ் பந்து வீட்டுக்குள் வந்து விழுந்தது. கண்ணாடி உடையவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு இன்னொன்று வந்தது. மூன்றாம் நாள் அவள் அதைப் பக்கத்து வீட்டில் சொன்னாள். அவர்கள் தங்கள் குழாயில் தண்ணீர் வராததைச் சொன்னார்கள்.

பூட்டுத் தொழிற்சாலையில் பதினேழு வருடம் திருகாணி முடுக்கியவள் என்பதால் தெருவுக்கே அவள் பூட்டக்கா. ஒரு பூட்டுக்கு நான்கு திருகாணி, ஒரு நாளைக்கு ஐந்நூறு பூட்டு, எல்லாம் வலது கை. போன வருடம் முழங்கையின் வெளிப்பக்கம் வலி எடுத்தது. முதலில் துணி பிழிய முடியவில்லை, பிறகு தண்ணீர் தம்ளரைக்கூடத் தூக்க முடியவில்லை. பட்டை கட்டினாள், ஊசி போட்டுக்கொண்டாள், பத்து மாதம் பயிற்சிக்குப் போனாள்; கை எதற்கும் மசியவில்லை. கடைசியில் டாக்டர் கெட்டுப்போன தசைநார்த் துணுக்கை வெட்டியெடுத்துத் தையல் போட்டார். "அவசரப்படாதீங்கம்மா, வேலையில வந்த வலி மெதுவாத்தான் போகும். நாலஞ்சு மாசம் ஆகும்" என்று சொல்லிச் சான்றிதழும் எழுதிக் கொடுத்தார். அதில் நோயின் பெயர் டென்னிஸ் எல்போ என்று இருந்தது. வினை அங்கேதான் பிடித்தது.

தொழிற்சாலையின் நல அலுவலர் எழுத்துக்கு எழுத்து படிப்பவர். டென்னிஸ் என்று படித்தார், விளையாட்டுக் காயம் என்று முத்திரை குத்தினார். வேலையில் பட்ட காயமென்றால் குணமாகும்வரை இடம் காத்திருக்கும், திரும்பி வந்ததும் இலேசான வேலை கொடுப்பார்கள். விளையாட்டுக் காயத்துக்கு நாற்பத்தைந்து நாள்தான். அதற்குப் பிறகு அவளுடைய முக்காலியில் வேறொருத்தி உட்காருவாள். மட்டையைத் தொட்டே அறியாத பூட்டக்கா அந்தக் கடிதத்தைப் பார்த்து ஆடாமலேயே ஆடிப்போனாள். பதினேழு வருடத்தை ஒரே குத்தில் விளையாட்டாக்கிவிட்டானே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடிதம் வந்த மறுநாள்தான் முதல் பந்து விழுந்தது.

பஸ் ஓட்டும் கணவர் நான்கு தெருவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். "இந்த ஊர்ல டென்னிஸ் மைதானமே கிடையாதே, எவன் அடிக்கிறான்?" என்றவர், ஒரு பந்தை எடுத்து மோந்து பார்த்தார். "ஏம்மா, இதுல உன் புடவை வாசம் அடிக்குது." புடவை வாசமில்லை, பூட்டுக்குப் போடும் எண்ணெய் வாசம். பதினேழு வருடமாக அவள் துணியோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்த வாசம்தான். பந்து எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு அப்போது விளங்கிவிட்டது.

நாற்பதாம் நாள், அதுவரை வந்த முப்பது பந்துகளையும் கணவர் சாக்கில் சுமந்து வர, அலுவலரின் மேசைமேல் கொட்டினாள்.

"நான் ஆடினேன்னு எழுதிட்டீங்க சார். சரி, ஆடினேன்னே வச்சுக்குவோம். ஒத்தை ஆளா ஆட முடியுமா? எதிர்ப்பக்கம் நின்னு ஆடினது யாருன்னும் எழுதுங்க."

அலுவலர் விளையாட்டுக் காயப் படிவத்தைப் புரட்டினார். "எதிர்த்து ஆடியவர்" என்று ஒரு கட்டம் இருக்கத்தான் செய்தது, அவர்தான் அதை நிரப்பாமல் விட்டிருந்தார். கட்டம் காலியாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு பந்தை மூக்கருகே கொண்டுபோனார், பிறகு தொழிற்சாலையின் பெயரை எழுதினார். ஆடிய இடம், அவள் திருகாணி முடுக்கிய மூன்றாம் கூடம். ஆடிய நேரம், காலை எட்டு முதல் மாலை ஐந்து. இவ்வளவும் எழுதிய பிறகு அவருக்கு வேறு வழியில்லை. பழைய முத்திரையைக் கோடு போட்டு அடித்துவிட்டு, வேலையில் பட்ட காயம் என்று புதிதாகக் குத்தினார்.

அந்தப் பந்துகளையே அமுக்கி அமுக்கிப் பூட்டக்கா ஐந்து மாதத்தில் கை தேறினாள். இப்போது சாவிகளுக்கு எண் போட்ட சின்ன வில்லை ஒட்டும் மேசையில் இருக்கிறாள். எட்டு மணிச் சங்கு ஊதியதும் பந்து அங்கேயும் வருகிறது. கூடத்தில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவள் வில்லையிலிருந்து கண்ணெடுக்காமல் வலது கையை நீட்டிப் பிடிக்கிறாள், இழுப்பறையில் போடுகிறாள், முதல் சாவியை எடுக்கிறாள்.