சிவப்புத் தக்கை

குளத்தில் சிவப்புத் தக்கை நிற்கிறது, மழை பெய்கிறது, லேப்டாப் ஆட்டத்துக்குள் பெய்கிற மழைக்கு ஈரம் கிடையாது, ஆனாலும் எனக்குக் கால் சில்லிடுகிறது, தக்கை லேசாக ஆடுகிறது, இன்னும் மீன் கடிக்கவில்லை, கடிக்காமலே இருக்கட்டும், ஏனென்றால் அது அமிழ்கிற இடத்தில்தான் பிரம்முவின் குரல் கிடக்கிறது, இந்தக் கரையில் நான் தூண்டிலோடு வந்து நின்றால் போதும், காதில் ஒன்றும் மாட்டாமலே அவள் பேசத் தொடங்கிவிடுவாள், வணக்கம் மக்களே, பாத்திரம் கழுவுதீங்களா, பஸ்ஸுல போறீங்களா, ஏதாவது கேம் ஆடுதீங்களா, கை அதுபாட்டுக்கு வேலையப் பாக்கட்டும், காத மட்டும் எங்கிட்ட குடுங்க, என்று தேனொழுகச் சொல்லுவாள், நாசமாய்ப் போகிறவள், முதல்முதலில் என் காதைத்தான் வாங்கினாள்.

வேளச்சேரி ஹாஸ்டலில் நானும் பிரம்மசக்தியும் ஒரே அறை, அவள் கோவில்பட்டி, நான் பாளையங்கோட்டை, ஒரே கம்பெனியில் வேலை, ஜன்னலோரம் ஒரே மேசை, இரண்டு லேப்டாப், ஆட்டத்துக்குப் பாட்காஸ்ட் பொருத்தம் பார்ப்பது என் பொறுப்பு, ஊரில் ஜாதகம் பார்ப்பதைப்போல அவ்வளவு கறாராகப் பார்ப்பேன், லாரி ஓட்டுகிற ஆட்டத்துக்கு வரலாறு, நீளமான ரோட்டுக்கு நீளமான பேச்சு, ராஜா படையைத் திரட்டிக் கடல் தாண்டுவதற்குள் நான் ஏதோ ஒரு பனி தேசத்தில் சிமெண்டை இறக்கிவிட்டுத் திரும்பியிருப்பேன், கட்டம் அடுக்குகிற ஆட்டத்துக்குச் சமையல் அரட்டை, துப்பாக்கி ஆட்டத்துக்கு எதுவுமே ஆகாது, பின்னால் வருகிறவன் காலடி கேட்காமல் செத்துத் தொலைவோம், கதை சொல்லுகிற ஆட்டத்துக்கும் ஆகாது, ஒரே நேரத்தில் இரண்டு பேர் கதை சொன்னால் ஒன்றும் விளங்காது, பண்ணை ஆட்டத்துக்கு மட்டும் நான் பழைய சினிமாப் பேச்சு என்று வைத்திருந்தேன், பிரம்முதான் ஒத்துக்கொள்ளவில்லை, போ ஏட்டி, பூசணிக்குத் தண்ணி ஊத்தும்போது யாராவது செத்தாத்தான் நல்லாருக்கும், என்று சிரித்தாள், நானும் சிரித்தேன், அன்றிலிருந்து பண்ணைக்குக் கொலை வழக்கு என்று ஆயிற்று, எங்கோ யாரோ கழுத்து நெரிபட நாங்கள் வரிசையாய்க் கத்தரி நட்டோம்.

அப்போதுதான் அதைக் கண்டுபிடித்தோம், ஆட்டத்தில் ஓரிடத்தில் இருந்தபடி ஒன்றைக் கேட்டால் அது அந்த இடத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு எப்போது அங்கே போனாலும் திரும்பக் கேட்கும், கோழிக்கூட்டருகே போனால் இட்லி மாவுக்கு உளுந்து எவ்வளவு என்று ஒரு மாமி பேசுவாள், மரம் வெட்டுகிற மேட்டில் ஒரு நகைக்கடைக் கொள்ளைக்காரன் ஓடிக்கொண்டே இருப்பான், ஏட்டி ஒனக்குமா அப்படி, எனக்குந்தாம்ட்டி, என்று இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு குதித்தோம், வேறு யாரிடம் சொன்னாலும் கிறுக்கு என்பார்கள், எங்களுக்குப் பண்ணை முழுக்கக் குரல்கள், பண்ணை என் லேப்டாப்பில் இருந்தது, நான் திறந்துவைத்தால்தான் அவளால் உள்ளே வர முடியும், வந்தால் நேரே குளத்துக்குத்தான் போவாள், பூசணி முத்தினாலும் சரி, பசு பட்டினி கிடந்தாலும் சரி, அவளுக்கு மீன் பிடிக்க வேண்டும், சிவப்புத் தக்கை அவள் ஆசைப்பட்டு வாங்கியது.

அந்தக் குளத்தங்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சந்தனமாரி அக்காவைப் பற்றிச் சொன்னேன், யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன், பத்துப் பொருத்தமும் பார்த்துத்தான் அக்காவை மேற்கே ஒரு ஊரில் கொடுத்தார்கள், அரிசி மில்காரர்கள், தாலியில் மஞ்சள் வெளுக்குமுன்னே அவர்கள் வீட்டுக் கிணற்றிலிருந்து அக்காவைத் தூக்கினார்கள், தண்ணி இறைக்கும்போது வழுக்கிட்டு என்றார்கள், பம்புசெட் போட்ட கிணற்றில் யார் தண்ணீர் இறைக்கிறார்கள், என்று அம்மா கேட்டாள், பொங்கலுக்கு அம்மா கொடுத்தனுப்பிய கிளிப்பச்சைச் சேலை, அதைக் கண்டுதான் அடையாளம் சொன்னாள், இதையெல்லாம் நான் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சொல்கிறேன், பக்கத்து நாற்காலியில் பிரம்மு திரையைப் பார்த்தபடி கேட்கிறாள், ம்ம், அப்புறம், என்கிறாள், தக்கை அமிழ்கிறது, சடக்கென்று இழுக்கிறாள், கெண்டை, சாரிட்டி, நீ சொல்லு, என்கிறாள், நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, என் தோளில் கை போட்டுக்கொண்டாள், அது போதுமென்றிருந்தது.

பிறகு அவள் வேலையை விட்டாள், மைக் வாங்கினாள், பண்ணை ஆட்டத்தை ஆடிக்கொண்டே கொலை வழக்குகளைச் சொன்னாள், கை ஓடினால்தான் அவளுக்கு வாய் ஓடும், ஊரே கேட்டது, நானும் பெருமையாகக் கேட்டேன், பாளையங்கோட்டைக்குத் திரும்பி வீட்டிலிருந்தே வேலை பார்த்த நாட்களில் மத்தியானம் சாப்பிட்டதும் தூண்டிலை எடுத்துக்கொண்டு இந்தக் கரையில் நின்றுதான் அவளைக் கேட்பேன், அப்படி ஒரு மத்தியானம் தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கிணற்றடியில் ஒரு சிவப்புச் சேலை, என்று அவள் தலைப்பைச் சொல்கிறாள், அரிசி மில் வருகிறது, பம்புசெட் வருகிறது, பெயரை மட்டும் செண்பகமாரி என்று மாற்றியிருக்கிறாள், தண்ணிக்குள்ள ஏதோ செவப்பா மெதந்துது மக்களே, என்று குரலை இறக்கி நிறுத்துகிறாள், நிறுத்திவிட்டு மெத்தை விளம்பரம், அக்கா கிணற்றுக்குள் கிடக்கிறாள், மேலே இவள் எந்தப் பக்கம் புரண்டாலும் முதுகு வலிக்காது என்கிறாள்.

போன் போட்டேன், ஏட்டி அதை எடுத்துரு, என்றேன், கெஞ்சித்தான் சொன்னேன், பேர மாத்திட்டேம்லா, ஊரச் சொல்லலலா, அப்புறம் என்ன, என்றாள், எங்க அக்காட்டி, என்றேன், தெரியும்டி, அதனாலதான் அவ்வளவு உருக்கமாச் சொன்னேன், கேட்டவங்க எல்லாரும் அழுதுருக்காங்க, நம்ம நிகழ்ச்சியிலேயே இதத்தான் நெறைய பேரு கேட்டுருக்காங்க, இதப் போயி எடுக்கச் சொல்லுத, என்றாள், நம்ம என்றாள் பாருங்கள், போனை வைத்துவிட்டேன், அன்றிலிருந்து என் குளம் போயிற்று, வேறு ஆட்டம் ஆடினேன், தூங்கினேன், எழுந்தேன், திரும்பி வந்து தக்கையைப் போட்டால் மறுபடி தண்ணிக்குள்ள ஏதோ செவப்பா, அவள் வாய் புழுத்துப் போக வேண்டும், மைக் முன்னால் உட்கார்ந்ததும் தொண்டை அடைக்க வேண்டும், அந்த மெத்தையில் அவளுக்குத் தூக்கமே வரக்கூடாது, என்று குளிக்கும்போது சபித்தேன், துணி காயப்போடும்போது சபித்தேன், எதிர்வீட்டு டீச்சர் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே அதைக் கேட்டுவிட்டு அம்மாவிடம் வந்து, அத்தை, பிரம்மு சொன்ன கத ஒங்க மூத்தவ கத மாதிரியே இருந்துது, என்ன, அது செவப்புச் சேல, என்றபோது அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை, செவப்பா, என்று மட்டும் கேட்டாள், டீச்சர் போன பிறகும் உரித்துக்கொண்டேயிருந்தாள், அவ்வளவு வெங்காயம் அன்றைக்குச் சமையலுக்குத் தேவையே இல்லை.

அந்த வெங்காயக் குவியலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் தோன்றிற்று, எனக்குள் அவள் ஒட்டிவைத்ததைப்போல அவளுக்குள்ளும் ஒன்றை ஒட்டிவைத்தால் என்ன, அவளுக்குப் பிடித்த இடம் எது, தூண்டிலைப் போட்டதும் அவள் தன்னை மறந்து நிற்கிற இடம் எது என்று என்னைவிட யாருக்குத் தெரியும், பொருத்தம் பார்க்கிறவள் நான், பூசணி முத்திட்டு, வாரியாட்டி, என்று செய்தி அனுப்பினேன், அடுத்த மூச்சில் பதில், வாரேன் வாரேன், கோவமெல்லாம் போச்சா செல்லம், போய்விட்டது என்று பொய் சொன்னேன், குளத்தங்கரையில் அவளிடம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தேன், ஒவ்வொரு சொல்லும் ஊசி, கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன், என் முகம் எனக்கே பயமாக இருந்தது, பரவாயில்லை என்றிருந்தது.

ஞாயிறு மத்தியானம், ஆட்டத்துக்குள் மழை, அவள் மஞ்சள் தொப்பி போட்ட உருவம் வேலியைத் தாண்டி ஓடி வருகிறது, ஏட்டி நம்ம வீடு அப்பிடியே இருக்கு, நாயப் பாரேன், என்னைக் கண்டுக்கிட்டு, என்று ஸ்பீக்கரில் அவள் குரல் துள்ளுகிறது, பூசணியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை, நேரே குளம்தான், சிவப்புத் தக்கை தண்ணீரில் விழுகிறது, ம், சொல்லுட்டி, எப்பிடி இருக்க, என்கிறாள், இதுதான் நேரம், நான் வாயைத் திறக்கிறேன், மனப்பாடம் செய்ததையெல்லாம் பாழாய்ப்போன கண்ணீர் முந்திக்கொள்கிறது, அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு அம்மா வந்து நிற்கிறாள், யாரு, பிரம்முவா, என்கிறாள், கட்டிலின் ஓரத்தில் உட்காருகிறாள், லேப்டாப்பை நெருங்கிக் குனிகிறாள்.

பிள்ளே, நல்லாருக்கியா, என்றாள் அம்மா, அத்த, என்றாள் பிரம்மு, இந்த வீட்டில் வந்து தங்கி அம்மா கையால் நெத்திலிக் குழம்பு தின்றவள், தலை பின்னிக்கொண்டவள், அம்மா அதட்டவில்லை, அழவில்லை, கொடியில் காயும் துணியைப் பற்றிச் சொல்வதைப்போலச் சொன்னாள், செவப்பு இல்ல பிள்ளே, பச்ச, கிளிப்பச்ச, செவப்பு அவளுக்குச் சின்ன வயசுலருந்தே ஆவாது, கட்டமாட்டா, பொங்கலுக்கு நாந்தான் எடுத்துக் குடுத்தேன், ஓரம் அடிச்சதும் நாந்தான், நூலு தீந்துபோயி கடைசிச் சாணுக்கு வெள்ள நூலு போட்டுருந்தேன், இது யாருக்கும்மா தெரியப்போவுதுன்னு சிரிச்சா, அந்த வெள்ள நூல வச்சுத்தான் பிள்ளே நான் பாத்தேன், மொகத்தப் பாத்து எனக்கு அடையாளம் தெரியல. இல்ல அத்த, இவ செவப்புன்னுதான் சொன்னா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, இதே கொளத்தாங்கரையில, இங்கன நின்னுக்கிட்டுத்தான், என்று சொல்லிக்கொண்டே வந்த பிரம்மு சட்டென்று நிறுத்தினாள், திரையில் அவள் கண்ணுக்கு நேரே தக்கை ஆடிக்கொண்டிருக்கிறது, சிவப்பாக, அவளுக்கும் அந்த நொடியில்தான் புரிந்தது, எனக்கும் அந்த நொடியில்தான் புரிந்தது, வேண்டுமென்று மாற்றவில்லை இவள், அன்றைக்கு என் அக்காவைக் கேட்கவே இல்லை இவள், தக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள், வேண்டுமென்று மாற்றியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

நீ நல்லாக் கத சொல்லுதியாம்லா, டீச்சர் சொன்னா, சொல்லு பிள்ளே, என்றாள் அம்மா, இனிமே சொல்லும்போது பச்சன்னு சொல்லு, வெள்ள நூலையும் சொல்லு, என்றுவிட்டு எழுந்தாள், அவளுக்கு இந்த ஆட்டம் தெரியாது, பொருத்தம் தெரியாது, ஒட்டிக்கொள்வது தெரியாது, ஆனால் எழும்போது என்னைப் பார்த்த பார்வையில் பிரம்முவை எங்கே குத்தினோம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது, அடுக்களையில் குழாய் திறக்கிற சத்தம், குளத்தில் தக்கை அமிழ்ந்தது, பிரம்மு இழுக்கவில்லை, மஞ்சள் தொப்பி மழையில் அப்படியே நின்றது, கூப்பிட்டேன், அழுகிற சத்தம் மட்டும் கேட்டது, நான் லேப்டாப்பை மூடாமல் கடைசிவரைக்கும் கேட்டேன்.

மறுநாளே சிவப்புச் சேலையை எடுத்துவிட்டாள், எடுக்கட்டும், காதிலிருந்து எப்படி எடுப்பாள், கொஞ்ச நாளில் செய்தி வந்தது, எங்கயாவது தண்ணியில தூண்டிலப் போட்டா அத்த பேசுதாவட்டி, புதுசா ஒரு பண்ணை ஆரம்பிச்சும் பாத்துட்டேன், அங்கயும் பேசுதாவ, வழக்கு சொல்ல ஒக்காந்தா வார்த்த வரமாட்டேங்கு, நீதானே பொருத்தம் பாப்ப, இத எப்பிடிட்டி மாத்துறது, என்று கேட்டிருந்தாள், எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமில்லை, அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு தின்றேன், அந்தக் குளத்துக்கு அதுதான் பொருத்தம், என்று பதில் போட்டேன், அதன்பிறகு அவளும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை, இப்போது அவள் சமையல் அரட்டை நடத்துகிறாளாம், எதிர்வீட்டு டீச்சர்தான் சொன்னாள், முன்னைப்போல இல்லையாம்.

மழை பெய்கிறது, ஆட்டத்துக்குள்ளும் ஜன்னலுக்கு வெளியேயும், ஆட்டத்துக் கடையில் தக்கைகள் எல்லா நிறத்திலும் உண்டு, நான் மாற்றிவிட்டேன், குளத்தில் கிளிப்பச்சைத் தக்கை நிற்கிறது, காதில் ஒன்றும் மாட்டவில்லை, வணக்கம் மக்களே என்று யாரும் வரவில்லை, அம்மாதான் வருகிறாள், பொங்கலுக்கு நாந்தான் எடுத்துக் குடுத்தேன், ஓரம் அடிச்சதும் நாந்தான், எங்கோ ஒரு அறையில் இன்னொருத்தியும் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள், கேட்கட்டும், சாகிறவரைக்கும் கேட்கட்டும், நூலு தீந்துபோயி, என்கிறாள் அம்மா, தக்கை அமிழ்கிறது, நான் இழுக்கவில்லை, அம்மா சொல்லி முடிக்கட்டும்.