பன்றிக்கு மேல் பாதிரியார்

வில்பெர்த் கன்சே தன் மகளின் ஞானஸ்நான விருந்துக்காக விடியற்காலையிலேயே கொல்லையில் குழி வெட்டினான். அடியில் கற்களைப் பழுக்கக் காய்ச்சி, புளிப்பு ஆரஞ்சுச் சாற்றிலும் அச்சியோத்தே என்ற செந்நிற விதை விழுதிலும் ஊறிச் சிவந்திருந்த பன்றிக்கறியை வாழையிலையில் பொதிந்து அண்டாவோடு இறக்கி, மண்ணைத் தள்ளி மூடினான். பக்கத்து வீட்டு நாய்கள் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று தரையை மிதித்துச் சமமாக்கி, மேலே பனையோலை பரப்பிவிட்டுத்தான் கோயிலுக்குக் கிளம்பினான்.

மெரிதா நகரத்திலிருந்து வந்திருந்த அவன் மச்சான் காஸ்பாருக்கு நாற்காலி போடுகிற வேலை. அடியில் குழி இருப்பது தெரியாமல், மேடு பள்ளம் இல்லாத இடம் அது ஒன்றுதான் என்று பாதிரியார் அன்செல்மோவின் நாற்காலியை ஓலை மேலேயே போட்டுவைத்தான்.

பூசை முடிந்து எல்லோரும் வந்தார்கள். வில்பெர்த் மண்வெட்டியோடு வந்தபோது பாதிரியார் கண்மூடிச் சாய்ந்திருந்தார்.

"சாமி, கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?"

"எதுக்குப்பா? பத்து வருஷமா இடுப்பு வலி உயிர எடுக்குது. இங்க உக்காந்ததும் யாரோ ஒத்தடம் குடுக்குற மாதிரி இருக்கு. உன் வீட்ல ஏதோ ஆசீர்வாதம் இருக்கு."

"ஆசீர்வாதம் இல்ல சாமி, அது வந்து..."

மனைவி ஃபிதேலியா அவனை ஓரமாக இழுத்துப்போனாள். "புள்ளைக்கு இப்பதான் தண்ணி ஊத்தியிருக்காரு. பன்னி மேல உக்காந்திருக்கீங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவீங்களாக்கும்?"

மணி இரண்டு ஆனது. அறுபது விருந்தாளிகளும் சோள ரொட்டியில் வெங்காய ஊறுகாயை மட்டும் சுருட்டித் தின்றபடி பாதிரியாரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் வந்துவிட்டது என்று காஸ்பார் சொல்லிப் பார்த்தான். அவர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு குறட்டை விட ஆரம்பித்தார்.

"நீதான வச்ச, நீயே எடு" என்றான் வில்பெர்த்.

"தூக்கிருவோம் மாப்ள."

நான்கு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். புனிதர் சிலைப் பவனி கிளம்பிவிட்டதாக நினைத்து, விருந்துக்கு வாசிக்க வந்திருந்த வாத்தியக்காரர்கள் பவனிப் பாட்டை வாசிக்க, இரண்டு பாட்டிகள் முழந்தாளிட்டார்கள். அந்தரத்தில் விழித்த பாதிரியார், பழக்க தோஷத்தில் கையை உயர்த்தி ஆசீர்வதித்தார். ஆரஞ்சு மரத்தடியில் அவரை இறக்கிவிட்டுக் குழியைத் தோண்டினார்கள். இலையைப் பிரித்ததும் வாசனை தெருக்கோடி வரை போனது.

"அப்ப இவ்வளவு நேரம் எனக்குக் கீழ இருந்தது..."

"பன்னி, சாமி."

பாதிரியார் இடுப்பைத் தடவிக்கொண்டார். பிறகு, "குழி இன்னும் சூடாத்தான இருக்கும்?" என்றார். மண்ணை மறுபடியும் தள்ளி மூடினார்கள். அதன் மேல் உட்கார்ந்தே நான்கு ரொட்டி நிறையக் கறி தின்றார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்ததும் முதுகுவலிக்காரர்கள் மூன்று பேர் வில்பெர்த்தை வழிமறித்தார்கள். "அடுத்தது எப்பப்பா?"

குழந்தையோடு நின்ற ஃபிதேலியா முறைத்தாள். "இப்பதான ஒண்ணு பெத்திருக்கேன்" என்றாள்.