பதினோரு வினாடிக் கருத்து

ஜனாதிபதி என்ன பேசினார் என்று ஓக்சிமுக்குத் தெரிவதற்கு முன்பே, அதைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்டு போன் வந்துவிட்டது.

காலை ஐந்தேகால். துறையில் விளக்குகள் இன்னும் அணையவில்லை. அவள் கணவன் ஜோங்மான் படகில் வலைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். ஓக்சிம் ரப்பர் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டுப் போனை எடுத்தாள். சியோலிலிருந்து ரியூ பேசினாள். தொலைக்காட்சி நிருபர். ஓக்சிமின் மகன் ஹியோனுவின் வயதுதான் இருக்கும்.

தூக்கத்தில் எழுப்பிவிட்டேனா என்று ரியூ கேட்டாள். நண்டுக் காலத்தில் ஐந்தேகாலுக்கு யார் தூங்குவார்கள் என்று ஓக்சிம் திருப்பிக் கேட்கவில்லை. இல்லை என்று மட்டும் சொன்னாள்.

ரியூ வாசித்துக் காட்டினாள். ஐ.நா. சபையில் உலகத் தலைவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, ஜனாதிபதி சொன்னது இது. மேற்குக் கடலில் பீரங்கிப் பயிற்சியை நாங்கள் முதலில் நிறுத்துகிறோம். கடலில் இருக்கும் எல்லைக் கோட்டைப் பற்றி வடக்கோடு புதிதாகப் பேசவும் தயாராக இருக்கிறோம்.

"எட்டு மணி நியூஸுக்கு வேணும்மா. ரெண்டு வரி போதும்."

ஓக்சிம் கடலைப் பார்த்தாள். அவர்கள் வலை போடும் இடத்துக்கு நாலு கிலோமீட்டர் வடக்கே அந்தக் கோடு போகிறது. முப்பது வருஷமாக அதற்குத் தெற்கே தொழில் செய்கிறாள். அதைக் கண்ணால் பார்த்ததில்லை. வழக்கமாகச் சொல்வதையே சொன்னாள். "யார் பேசினாலும் சரிதான். கடல் அமைதியா இருந்தா எங்களுக்குப் போதும்."

வடக்கு சுட்டுத் தீவில் குண்டு விழுந்த வருஷம், இதே துறையில் ஒற்றைச் செருப்போடு நின்று அவள் அழுததை ஒரு கேமரா பிடித்திருந்தது. நாடு முழுக்க அந்த முகத்தைப் பார்த்தது. அன்றிலிருந்து அவள் எண் ஒரு நிருபரிடமிருந்து அடுத்த நிருபருக்குக் கைமாறி வந்தது. ரியூ ஐந்தாவது ஆள். வடக்கிலிருந்து ஏவுகணை பறந்தால் அவளிடம் கேட்பார்கள். இரண்டு பக்கத்துத் தலைவர்களும் கைகுலுக்கினாலும் அவளிடம்தான் கேட்பார்கள். அவள் இரண்டு நிமிடம் பேசினாலும் திரையில் வருவது பத்துப் பதினோரு வினாடிதான். ஊரில் அவளுக்குக் கருத்து அக்கா என்று பெயர். கேள்வி கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் போனை வைக்க அவளுக்குத் தெரியாது. அவ்வளவுதான் விஷயம்.

எட்டு மணிக்கு அவள் கருத்து வந்தது. அதற்குள் ஜோங்மான் அறுபது வலையையும் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். பத்து மணிக்கு வடக்கின் வானொலி பதில் சொன்னது. அங்கே கோடு என்று ஒன்றும் கிடையாது, இல்லாத கோட்டைப் பற்றிப் பேசவும் எதுவும் கிடையாது, தங்கள் நீருக்குள் வரும் எதுவும் சுடப்படும். பதினொன்றரைக்குக் கடற்படை எல்லாப் படகுகளையும் கரைக்குக் கூப்பிட்டுவிட்டது. மறு அறிவிப்பு வரும்வரை தொழில் கிடையாது.

வலையில் சிக்கிய நண்டு மூன்று நாள் உயிரோடு இருக்கும். நாலாம் நாள் சாகத் தொடங்கும். செத்ததற்குள் கடல்பேன் புகுந்து தின்றுவிடும். ஆறாம் நாள் வலையை இழுத்தால் ஓடு மட்டும் வரும். இந்த வருஷம் வசந்தத்தில் வலையில் நண்டு ஏறவே இல்லை. இலையுதிர்காலத்தின் இரண்டு மாதத்தை நம்பித்தான் எல்லாரும் இருந்தார்கள்.

அன்று மதியம் பில்லேயின் சாப்பாட்டுக் கடையில் ஊரே கூடிவிட்டது. பில்லே கடைக்கு மேலே நாலு அறைகளை வாடகைக்கு விடுகிறவள். சுவரில் இருந்த டிவியில் ஜனாதிபதி மறுபடி மறுபடி பேசிக்கொண்டிருந்தார். மீனவர் சங்கத் தலைவர் பியோன், இந்த ஆள் கடலை விற்றுவிட்டார் என்றார். கோட்டைப் பற்றிப் பேசுவதென்றால் நம் வலை கிடக்கும் இடத்தைப் பற்றிப் பேசுவதுதானே, அதை நம்மிடம் கேட்டாரா என்றார். வேறு சிலர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இருட்டினபின் கடலில் நிற்கக் கூடாது, அங்கே போகக் கூடாது, இங்கே போகக் கூடாது என்று எத்தனை காலம் இருப்பது, ஒருத்தராவது பேசலாம் என்கிறாரே என்றார்கள். மூலையில் இருந்த ஒருவர், பேசினவர் பேசிவிட்டு விருந்துக்குப் போயிருப்பார், கட்டிக் கிடப்பது நம் படகுதான் என்றார். அதற்கு மட்டும் இரண்டு பக்கமும் தலையாட்டியது.

பிறகு எல்லாரும் ஓக்சிமின் பக்கம் திரும்பினார்கள்.

"அக்கா, நீ டிவில வந்தாலே எனக்கு ரூம் காலியாகுது" என்றாள் பில்லே. "இன்னைக்கு மட்டும் மூணு பேர் வரலைன்னு சொல்லிட்டாங்க. அடுத்த தடவை கொஞ்சம் சிரிச்ச முகமாப் பேசேன்."

"சிரிச்சா அவ்வளவுதான், நமக்கு ஒரு குறையும் இல்லைன்னு எழுதிட்டுப் போயிடுவான்" என்றார் பியோன். "ஹியோனு அம்மா, பயமா இருக்குன்னு சொல்லுங்க. முடிஞ்சா அழுங்க. அழுத புள்ளைக்குத்தான் பால்."

ஓக்சிம் சூப்புக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே இருந்த ஜோங்மான் சாப்பிட்டு முடித்ததும் எழுந்து துறைக்குப் போனான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் படகில் டீசல் நிரப்பியதை அவள் பார்த்தாள். தொழில் இல்லாத நாளில் யாரும் டீசல் நிரப்புவதில்லை. சோறு போட்டபோது அவன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"நாளைக்கும் மறுநாளும் காலைல மூடுபனி இறங்கும்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. வலைகள் கிடப்பது தொழில் எல்லையின் வட விளிம்பில். பனிக்குள் வடக்குக் காவல்படகு இவனை என்னவென்று நினைக்கும் என்று யாருக்குத் தெரியும். இந்தப் பக்கம் குன்றின் மேல் துப்பாக்கியோடு நிற்கும் பையனுக்கும் பனிக்குள் போகிற படகு யாருடையது என்று தெரியாது.

"வலை போனா போகட்டும்" என்றாள்.

"வலை போனா அடுத்த வருஷம் எதைப் போடுறது? உன் கருத்தையா?"

அவன் அப்படிப் பேசுகிறவன் இல்லை. சொல்லிவிட்டு அவனே சங்கடப்பட்டது போல முள்ளங்கி ஊறுகாய்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.

மதியம்தான் ரியூ மறுபடி கூப்பிட்டிருந்தாள். நாளைக் காலை எட்டு மணிக்கு நேரலையில் பேச முடியுமா என்று கேட்டாள். ஓக்சிம் பிடி கொடுக்கவில்லை. இப்போது அதை ஜோங்மானிடம் சொன்னாள். நேரலை என்றால் வெட்ட முடியாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் கடற்படைப் படகு துணைக்கு நிற்க, இரண்டு மணி நேரம் வலை எடுக்க விட்டார்களே, அதைக் கேட்கிறேன். சியோலில் இருப்பவர்கள் காதில் விழும்.

"ஒரு நாள் பொறுங்க. நான் பேசிடறேன்."

"பேசி?"

"பேசிப் பாக்கறேன்."

அவன் தலையாட்டினான். "நாளைக்கு ஒரு நாள்" என்றான்.

அன்றிரவு அவள் ஒரு காரியம் செய்தாள். இத்தனை வருஷத்தில் செய்யாதது. சொல்ல வேண்டியதைக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதினாள். எழுதியதில் பாதியை அடித்தாள். மீதியைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படித்தாள். இருபத்தைந்து வினாடி வந்தது. இன்னும் கொஞ்சம் அடித்தாள். பதினோரு வினாடிக்குள் அடங்கும்வரை அடித்தாள்.

காலையில் போனைத் துறைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அதன் எதிரே நின்றாள். செய்தி வாசிப்பவரின் குரல் வந்தது. ஜனாதிபதியின் உரை தீவு மக்களுக்கு நிம்மதி தருகிறதா, அச்சம் தருகிறதா என்று அவர் கேட்டார்.

"உரையைப் பத்தி எனக்குத் தெரியாதுங்க" என்றாள் ஓக்சிம். "எங்க வலையெல்லாம் தண்ணிக்குள்ள நாலு நாளாக் கிடக்கு. கடற்படைப் படகு பக்கத்துல நிக்கட்டும், ரெண்டு மணி நேரம் விடுங்க. எடுத்துட்டு வந்துடறோம். வேற எதுவும் வேணாம்."

குரல் நடுங்கவில்லை. ஒரு சொல்லும் விட்டுப்போகவில்லை. மக்களின் தவிப்பு புரிகிறது, நன்றி என்றார் அவர். இணைப்பு போய்விட்டது.

பில்லேயின் கடைக்கு அவள் வந்தபோது யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பியோன் தொண்டையைச் செருமிக்கொண்டார். நன்றாகத்தான் பேசினீர்கள் என்றார். என்ன ஆயிற்று என்று அவள் கேட்க, பில்லே தன் போனைக் காட்டினாள். ஓக்சிம் பேசப் பேசத் திரையின் பாதியில் பழைய படம் ஓடியிருக்கிறது. ஒற்றைச் செருப்போடு அழுகிற ஓக்சிம். தலை முழுக்கக் கறுப்பு முடியோடு இருந்த ஓக்சிம். கீழே, நடுங்கும் தீவு என்று எழுத்து. காதில் விழுந்தது வலை. கண்ணில் பட்டது அழுகை.

மதியத்துக்குள் அந்தப் படம் மட்டும் தனியாகக் கிளம்பிவிட்டது. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் அதைக் காட்டி, நியூயார்க்கில் கைதட்டல், இங்கே கண்ணீர் என்றார். ஜனாதிபதியை ஆதரிப்பவர்கள், எந்தச் செய்தி என்றாலும் இதே பெண்தான் அழுகிறாள், இவளுக்கு எவ்வளவு கூலி என்று கேட்டார்கள். உரையில் என்ன இருந்தது என்பதை எல்லாரும் மறந்துபோனார்கள். இஞ்சியோனில் வேலை பார்க்கும் ஹியோனு போன் செய்தான்.

"அம்மா, கமெண்ட்டு எதையும் படிக்காத."

"என்ன எழுதியிருக்காங்க?"

"படிக்காதன்னு சொல்றேன்ல."

"வலையைப் பத்தி யாராவது எழுதியிருக்காங்களா?"

அவன் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்றான்.

மூன்று மணிக்கு ஊர் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. தீவு மக்களிடம் அச்சம் நிலவுவதைக் கருத்தில் கொண்டு, பாதுகாப்பு கருதித் தொழில் தடை நீட்டிக்கப்படுகிறது. வயதானவர்கள் விரும்பினால் இஞ்சியோன் போக நாளை தனிக் கப்பல் வரும். பியோன் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார். அழச் சொன்னது நான்தான் என்று முணுமுணுத்தார். ஆனால் தான் இன்றைக்கு அழவே இல்லை என்று ஓக்சிமுக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அன்று ராத்திரி ஜோங்மான் சீக்கிரமே படுத்துவிட்டான்.

ஐந்தாம் நாள் விடியும்போது ஜன்னலுக்கு வெளியே துறையே இல்லை. வெள்ளையாக ஏதோ நின்றது. பக்கத்தில் படுக்கை காலியாக இருந்தது. அவள் வாசலுக்கு வந்து நின்றாள். கொஞ்ச நேரம் அலைச் சத்தம்தான். பிறகு துறையின் கிழக்கு முனையிலிருந்து, சோதனைச் சாவடி இல்லாத பக்கத்திலிருந்து, கயிறு படகுப் பலகையில் விழும் சத்தம் கேட்டது. ஓடினால் பத்து நிமிடம். அதற்குள் அவன் போய்விடுவான். கூப்பிட்டாலும் நிற்க மாட்டான்.

கையில் போன் இருந்தது. கடலோரக் காவல் சாவடியின் எண் எல்லா மீனவர் வீட்டிலும் இருக்கும். ஆபத்துக்கு. அவள் அழுத்தினாள்.

"கிழக்குத் துறையில ஒரு படகு கிளம்புது. தாக் ஜோங்மான். என் வீட்டுக்காரர். வெளிய விடாதீங்க."

அந்தப் பக்கத்தில் இருந்தவன் இரண்டு முறை பெயர் கேட்டான். அவள் இரண்டு முறையும் சொன்னாள். வேறு எதுவும் அவன் கேட்கவில்லை. ஒன்பது நிமிடத்தில் காவல் படகின் விளக்கு பனிக்குள் மஞ்சளாகக் கரைந்து போனதை அவள் பார்த்தாள். ஒரு மணி நேரம் கழித்து ஜோங்மானைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். தீவின் முனையைக்கூட அவன் தாண்டியிருக்கவில்லை. அனுமதியில்லாமல் கிளம்பியதற்கு நாற்பது நாள் தொழில் தடை. நாற்பது நாள் முடியும்போது நண்டுக் காலமும் முடிந்திருக்கும்.

தகவல் யார் கொடுத்தது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. காகிதத்தில் எழுதியிருந்தது. மனைவி.

மத்தியானத்துக்குள் தீவுக்கே தெரிந்துவிட்டது. பில்லே ஒரு சட்டி சூப்பைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வராமல் போனாள். கடையில் யாரோ, டிவிக்குச் சொன்னது எடுபடல, போலீசுக்குச் சொன்னது எடுபட்டுச்சு என்றார்களாம். சிரித்தார்களாம். பியோன் மட்டும் சிரிக்கவில்லை என்று பிறகு அவளுக்குத் தெரிந்தது.

எட்டாம் நாள் எந்தக் காரணமும் சொல்லாமல் கடலைத் திறந்துவிட்டார்கள். ஜனாதிபதி ஊர் திரும்பி இரண்டு நாள் ஆகியிருந்தது. பியோன் தன் வலைகளை எடுத்த பிறகு ஜோங்மானின் வலைகளையும் இழுத்துவந்து துறையில் குவித்தார். அறுபதில் முப்பத்தெட்டு கிடைத்தன. குவியலின் நாற்றம் மேட்டுத் தெருவரை போனது.

ஓக்சிம் ஒரு வலையை இழுத்துப் போட்டு முடிச்சுகளைத் தேடினாள். ஒவ்வொரு கண்ணியிலும் வெறும் ஓடு. தொட்டால் நொறுங்கியது, நொறுங்கியது நூலுக்குள் இன்னும் ஆழமாக ஏறியது. ஜோங்மான் கொஞ்சம் தள்ளிக் கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். மூன்று நாளாக அவன் அவளோடு பேசவில்லை.

"நான் திரும்பி வந்திருப்பேன்" என்றான்.

அவள் ஓட்டை நூலிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வந்திருக்கலாம்" என்றாள்.

"நம்ம புள்ளையோட வயசுல ஒரு பையன். அவன் என் பேரைக் கேட்டு எழுதிக்கிட்டான். கையைக் கட்டிட்டு நின்னேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் பண்ணினியா?"

"ஆமா."

ஒற்றை ஆளாக வலையை உதற முடியாது. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து, ஒரே நேரத்தில் சுண்ட வேண்டும். ஓக்சிம் ஒரு முனையைத் தூணில் கட்டப் பார்த்தாள். கயிறு நழுவியது. மறுபடி கட்டினாள்.

ஜோங்மான் எழுந்து வந்தான். தூணிலிருந்து முனையை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் இழுத்த வேகத்தில் ஓக்சிம் ஓரடி முன்னால் போய்விட்டாள். காலை ஊன்றிக்கொண்டு தன் பக்கத்தைப் பிடித்து நின்றாள். ஓடுகள் சிமெண்டுத் தரையில் உதிர்ந்தன.