நாற்பத்திரண்டாம் சுற்று

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எரிந்துபோன மோட்டாருக்குப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவதில் செல்லதுரையை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதற்கேற்ற வாய்த்துடுக்கும் உண்டு. கயிறு சுற்றி இழுத்துவிட்டால்தான் ஓடும் மோட்டாரைக் கொண்டுவந்து, ஓடத்தானே செய்கிறது என்று யாராவது சொன்னால், "நீ தள்ளிவிட்டா நானுந்தான் ஓடுவேன். அது தானா கெளம்பணும்யா" என்பார். இப்போது அந்த வாயிலிருந்து 'ம்' மட்டும்தான் வருகிறது. சித்திரையில் பக்கவாதம் வந்து பேச்சும் வலக்கையும் போயின. கால் மட்டும் இழுத்து இழுத்து நடக்குமளவு தேறியிருக்கிறது.

அன்றைக்குப் பட்டறை மேசையில் இருந்தது விவசாயி குஞ்சிதபாதத்தின் தண்ணீர் இறைக்கும் ஐந்து எச்.பி. மோட்டார். எத்தனையாவது சுற்றில் நிற்கிறது என்று சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டு, டீ குடிக்க எழுந்தவர்தான் விழுந்தார். பாதிக் காயிலோடு அந்த மோட்டார் இன்னும் அங்கேயே கிடக்கிறது. குறுவை நாற்றங்கால் காய்கிறது, வேறு ஆளிடம் கொடுத்துக் கட்டிக்கொள்கிறேன் என்று குஞ்சிதபாதம் மூன்று தடவை வந்து கேட்டுவிட்டார். நாலு நாள் பொறுங்கள், விரல் எழும்ப ஆரம்பித்துவிட்டது என்று மூன்று தடவையும் சொல்லி அனுப்பியவள் செல்லதுரையின் மனைவி அம்சம். அந்த மோட்டார் வாசலைத் தாண்டிவிட்டால் அவர் கையும் அதோடு போய்விடும் என்று அவளுக்குப் பயம். அடுத்தவர் நாற்று கருகுவது தெரிந்தேதான் செய்தாள்.

விரல் எழும்பியது பொய்யில்லை. தஞ்சாவூரில் டாக்டர் சுமையா அவர் கையில் மெல்லிய ஊசிகளைக் குத்தி, அவற்றில் ஒயரை மாட்டி, ஒரு சின்னப் பெட்டியிலிருந்து லேசாகக் கரண்ட் விடுவார். ஆள்காட்டி விரல் டக் டக்கென்று எழும்பும். முதல் நாளே டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இப்போது விரலைத் தூக்குவது கரண்ட். பயிற்சியும் சேர்த்துச் செய்தால் சிலருக்குக் கை திரும்பலாம், ஆனால் திரும்பும் என்று சத்தியம் பண்ண முடியாது. அம்சத்தின் காதில் 'திரும்பலாம்' மட்டும்தான் ஏறியது. விரல் எழும்ப எழும்ப அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. செல்லதுரை கண்ணை மூடிக்கொள்வார். வலிக்கிறது போல என்று அவளாக நினைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் தடவை போனபோது, டாக்டர் ஊசியை எடுத்ததும் செல்லதுரை இடக்கையால் மறித்தார். பெட்டியைக் காட்டினார், பிறகு அம்சத்தைக் காட்டினார். இருவருக்கும் விளங்கவில்லை. அவர் விடவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து மேசைமேல் வைத்தார்.

"உங்க கையில போட்டுக் காட்டச் சொல்றாங்க போலக்கா" என்றார் டாக்டர். அவருக்குத் தயக்கம்தான். தான் படுகிற வலியைப் பெண்டாட்டியும் பார்க்கட்டும் என்கிறார் மனுஷன் என்று அம்சம் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

புது ஊசி இரண்டு. குமிழைத் திருகியதும் அவள் ஆள்காட்டி விரல் எழும்பியது. அவள் எழுப்பவில்லை. அடக்கிப் பார்த்தாள். அது பாட்டுக்கு எழும்பியது, அதே டக் டக். செல்லதுரை இந்தத் தடவை கண்ணை மூடவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் பார்த்துப் பார்த்து மகிழ்ந்ததில் அவர் பங்கு ஒன்றுமே இல்லை. அது அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

"நிறுத்துங்கம்மா" என்றாள்.

சிகிச்சையை விட்டுவிடாதீர்கள், இன்னும் நாள் இருக்கிறது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் அம்சம் அவருடைய வலக்கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். எழும்பு, எழும்பு என்று மனசுக்குள் கெஞ்சினாள். அது வைத்த இடத்திலேயே கிடந்தது.

பட்டறை வாசலில் குஞ்சிதபாதம் நான்காம் தடவையாக நின்றிருந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே அம்சம் பூட்டைத் திறந்தாள்.

"எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே."

அவர் ஆள் வைத்து மோட்டாரைத் தூக்கி வண்டியில் ஏற்றினார். சுவரில் சாக்பீஸ் எழுத்து அப்படியே இருந்தது: 42. அதுவரை கட்டியாகிவிட்டது, காயில் கட்டப்போகிறவரிடம் மறக்காமல் சொல்லுங்கள் என்றாள் அம்சம்.

"அது எதுக்கும்மா? புதுசா கட்டுறவரு எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டு மொதல்லேர்ந்துதான் கட்டுவாரு."

அம்சம் புருஷன் முகத்தைப் பார்த்தாள். பிரிக்க வேண்டாம் என்று தலையையாவது ஆட்டமாட்டாரா என்று ஏங்கினாள்.

செல்லதுரை குஞ்சிதபாதத்தைப் பார்த்து, "ம்" என்றார்.