மியூரியல் ரீச்சரின் கவுன்

"நான் போடமாட்டன். தலைகீழாய் நிண்டாலும் போடமாட்டன்!"

"ஒரே ஒருக்கா, ரீச்சர். நெத்தி, நெஞ்சு, ரெண்டு தோள். அவ்வளவுதானே?"

"சிலுவை அடையாளம் போடுறது கத்தோலிக்கர், தம்பி. நாங்கள் மெதடிஸ்ற். எங்கடை பரம்பரையிலை ஒருத்தரும் போட்டதில்லை. இந்தக் கவுனும் போட்டதில்லை!"

மியூரியல் ரீச்சரின் குரல் பருத்தித்துறை பஸ் நிலையம் வரைக்கும் போயிருக்கும். முப்பத்திரண்டு வருஷம் கணக்குப் படிப்பித்த தொண்டை. மதிலுக்கு இந்தப் பக்கம் நான் ஒரு கதிரையில் ஏறி நின்றேன். எட்டிப் பார்க்கிறதற்காக இல்லை. ஏற்றி நிறுத்தியதே வாகீசன்தான். அவன் எடுக்கிற குறும்படத்தில் எனக்கு 'வம்பளக்கும் பக்கத்து வீட்டுப் பெண்' வேஷம். வசனம் கிடையாது, தலை மட்டும் தெரிந்தால் போதுமாம். ஒழுங்கையில் இத்தனை வீடு, இத்தனை பேர் இருக்க என்னை ஏன் பிடித்தான் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

படத்தின் கதை இதுதான். சைவப் பொடியன் ஒருவன் வேதக்காரப் பெட்டை ஒருத்தியை விரும்புகிறான். பெட்டையின் தாய் பூப்போட்ட கவுனும் கையில் வைன் கிளாசுமாக வந்து, 'ஓ மை கோட்' என்று கத்தி, சிலுவை போட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்துப்போகிறாள். நாங்கள் சின்ன வயதிலிருந்து சினிமாவில் பார்க்கிற அதே மனுசி. ரீச்சரோ நான் கண்ட நாள் முதல் நூல்சேலை. குடிக்கிறதில் தேத்தண்ணியைத் தாண்டாதவர். மகள் ஜொய்சி கெஞ்சினபடியால்தான் கவுனுக்குள் இறங்கி நின்றார்.

ஜொய்சி ஏன் கெஞ்சினாள் என்பது ஒழுங்கைக்கே தெரியும். அவளும் வாகீசனும் மூன்று வருஷமாக ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். ரீச்சருக்கு மட்டும் தெரியாது என்று எல்லாரும் நம்பியிருந்தோம். ஜொய்சி தகப்பன் இல்லாத பிள்ளை. "அம்மா ஓம் எண்டாத்தான், இல்லாட்டி இல்லை" என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கேட்க இரண்டு பேருக்கும் பயம். படத்தைச் சாட்டி மனுசியோடு நெருங்கி, பிறகு கேட்கலாம் என்று திட்டம். மாமியாராக வரவேண்டியவரை முதலில் சாகடித்துவிட்டு மகளைக் கேட்கிற யோசனை வேறு எந்தப் புத்திசாலிக்கு வரும்?

"தம்பி, இஞ்சை வாரும்," என்றார் ரீச்சர். "எவ்வளவு காலமாய் எங்கடை வீட்டை வந்து போறீர்?"

"மூண்டு வருஷம், ரீச்சர்."

"நான் என்ன உடுத்திருந்தனான்?"

"சீலை."

"குடிக்க என்ன தந்தனான்?"

"பிளேன்ரீ. இஞ்சி போட்டு."

"கண்ணாலை கண்டதை விட்டிட்டு, ஆரோ எடுத்த படங்களைப் பாத்தே எங்களை எழுதினனீர்?"

வாகீசன் கையிலிருந்த தாளைச் சுருட்டினான், விரித்தான், பிறகும் சுருட்டினான். "அப்ப... நீங்கள் எப்பிடிச் செபிப்பியள், ரீச்சர்?"

"கண்ணை மூடிக்கொண்டு கதைப்பம்."

"ஆரோடை?"

"ஆண்டவரோடைதான். பின்னை உம்மோடையே?"

கமராக்காரன் சிரித்துவிட்டான். வாகீசனும் சிரித்தான், அழுகிறமாதிரி. "அப்பிடியே செய்யுங்கோ, ரீச்சர். தாய் மகளுக்காகச் செபிக்கிறா. சாகவேண்டாம்."

ரீச்சர் உள்ளே போய் சாம்பல் நிறச் சேலையோடு திரும்பிவந்து விறாந்தையில் இருந்தார். ஜொய்சி வெளிச்சம் திருப்புகிற வெள்ளை மட்டையைப் பிடித்தாள். கமரா ஓடியது. நான் சொன்னபடி தலையைக் காட்டினேன்.

"ஆண்டவரே," என்றார் ரீச்சர். வகுப்பறைக் குரல் எங்கேயோ போய்விட்டது. "என்ரை பிள்ளை எனக்கு ஒளிச்சு ஒளிச்சே மெலிஞ்சுபோச்சுது. நான் கேக்கட்டும் எண்டு அது இருக்குது, அது சொல்லட்டும் எண்டு நான் இருக்கிறன். இந்த வாகீசன் நல்ல பிள்ளை."

படத்தில் அந்தப் பொடியனுக்கு ஜெயசுதன் என்று பெயர்.

"புத்தி கொஞ்சம் காணாது. அதை நீர் பாத்துக்கொள்ளும். ரெண்டுபேரும் சந்தோசமாய் இருக்கவேணும். எனக்குத் தனிய இருக்கப் பயமாய்க் கிடக்கு, ஆண்டவரே. அதை இவையளுக்குக் காட்டாமல் இருக்கப்பண்ணும். ஆமென்."

வாகீசன் 'கட்' சொல்லவில்லை. ஜொய்சி பிடித்திருந்த மட்டை மெல்லமெல்ல உயர்ந்து அவளுடைய முகத்தை மறைத்தது. நான் மற்றப் பக்கம் திரும்பிவிட்டேன். படத்தில் என் பின்னந்தலைதான் விழுந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்க்காத முதல் படம் அதுவாகத்தான் இருக்கும்.

தை மாதம் கலியாணம் பதிந்தார்கள். வாகீசனுக்குத் திருகோணமலையில் வேலை கிடைத்து, இரண்டு பேரும் அங்கே குடிபோனார்கள். ரீச்சர் அந்தக் கவுனை வெட்டி இரண்டு தலையணை உறை தைத்து, ஒன்றை அவர்களோடு கொடுத்துவிட்டார். பஸ் ஏற்றுகிற அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஒழுங்கையில் அதையும் ஒரு குறையாகக் கதைத்தார்கள். அவருடைய பயத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததை நான் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

கதிரை இன்னும் மதிலடியில்தான் கிடக்கிறது. பின்னேரங்களில் ஏறி நிற்கிறேன். ரீச்சர் ஒன்றும் கேட்கமாட்டார். இஞ்சி போட்ட பிளேன்ரீயை மதிலுக்கு மேலால் நீட்டுவார். அவருக்குப் பின்னால், கொடியில் காயும் மற்ற உறைக்குள் சோளகக் காற்று புகுந்து, பெரிய சிவப்புப் பூக்கள் ஊதி எழும்பும்.